மேஜைக்கு அடியிலிருந்து உபதேசம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது அடுத்தவர் வீட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டே அவர்களுக்கு உபதேசம் செய்கிற தொழில். தொண்ணூறுகளின் நடுவில் வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்து, சிவாஜிநகர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். ஒயர் செருகுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அபிப்பிராயங்களை இலவசமாக வழங்கினேன். கம்ப்யூட்டர் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பேன். இனி யாரும் பேனா பிடிக்கப்போவதில்லை, கடிதம் போடப்போவதில்லை என்று போகிற வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டு வருவேன். உங்களிலும் சிலர் இதே தொழிலில் முட்டி தேய்ந்தவர்களாக இருப்பீர்கள். படித்துவிட்டுத் தாராளமாகச் சிரியுங்கள். அதற்குமுன் உங்கள் கதையையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செருப்புக்கு அனுமதி இல்லை

காக்ஸ் டவுனில் ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்குப் புது கம்ப்யூட்டர் கொண்டு போனேன். அந்தத் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர். டீச்சரின் கணவர், மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், சர்ச்சிலிருந்து வந்த இரண்டு பேர் என்று ஹால் நிறைய ஆட்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் செருப்பை வெளியில கழற்றிட்டு வாங்க. கம்ப்யூட்டருக்குத் தூசிதான் முதல் எதிரி. இது பூஜை ரூம் மாதிரி" என்றேன். சொன்ன பிறகுதான் அது கிறிஸ்தவர் வீடு என்பது உறைத்தது. ஆனாலும் எல்லாரும் மரியாதையாக வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்கள்.

சொன்ன நானும் கழற்றத்தானே வேண்டும்? காலையிலிருந்து தூறலில் நனைந்து, ஷூவுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்த சாக்ஸ். வலது கால் கட்டைவிரல் வேறு ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. நான் மேஜைக்கு அடியில் புகுந்து ஒயர் மாட்ட ஆரம்பித்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். மகள் ஜன்னலைத் திறந்தாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றுத் திரை ஒளிர்ந்தபோது அதன் முன்னால் நின்றது நான் ஒருவன்தான். ரோஸ்லின் டீச்சர் மட்டும் முந்தானையை மூக்கருகே பிடித்தபடி வந்து, என் காதோரம் மெதுவாகச் சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, நீங்க ஷூவைப் போட்டுக்கங்க."

கரையான் அரிக்காதது

விஜயலட்சுமி மேடம் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழிலும் வேலைக்காரம்மாவிடம் கன்னடத்திலும் ஒரே மூச்சில் பேசுவார். பெங்களூரின் ஏரிகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கைப்பட எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் அடிப்பார். ஒருநாள் மேஜைமேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் எதுக்கு மேடம் இந்தக் குப்பை? காகிதத்தைக் கரையான் அரிக்கும். கம்ப்யூட்டரை எது அரிக்கும்?" என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, அடித்து முடித்த அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். மிச்சத்தை நேராகக் கம்ப்யூட்டரிலேயே அடித்தார்.

சில மாதங்கள் கழித்து மெஷின் மிகவும் மந்தமாகிவிட்டது. டிஸ்க்கை மொத்தமாக அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினால் சரியாகிவிடும் என்றேன். ஆராய்ச்சியை மட்டும் அவரிடமிருந்த ஃப்ளாப்பிகளில் பிரதி எடுத்தேன். எடுத்தது திறக்கிறதா என்று பார்க்கவில்லை. அழித்தேன். புதிதாக ஏற்றினேன். ஃப்ளாப்பியைப் போட்டேன். முதலாவது திறந்தது. அடுத்த இரண்டும் கர்கரவென்று இருமின. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே வட்டவட்டமாகப் பூஞ்சை. இரண்டு அத்தியாயங்கள் போயே போய்விட்டன.

மேடம் கத்தவில்லை. "கட்டக் கடைசியா எழுதினது அது ரெண்டும்தான்" என்று மட்டும் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் நின்ற மாதிரி ஸ்கூலில் பெஞ்சுமேல்கூட நின்றதில்லை. கடையில் என்னோடு வேலை பார்த்த நாகராஜ், "பிடு குரு, கஸ்டமருக்கு இப்படி நடக்கிறது சகஜம், விட்டுத் தள்ளு" என்றான். விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்து சொல்வார், நான் அடிப்பேன். சில இடங்களில் ஏரியின் பெயரே நினைவுக்கு வராமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். நான் வாயே திறக்கமாட்டேன். அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு கூடுதல் அவகாசம் வாங்கிக்கொடுத்தார். மழைக்காலம் முடியும்போது இரண்டு அத்தியாயங்களும் திரும்ப எழுந்து நின்றன. பட்டமும் வந்தது. பைண்டு செய்த பிரதியைக் காட்டக் கூப்பிட்டபோது, தட்டில் கேசரி வைத்துக்கொடுத்துவிட்டு மேடம் சொன்னார்: "நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரைப் போட்டிருக்கேன், எதுக்குன்னு மட்டும் எழுதலை."

ஆனேக்கல் பஸ்

அப்போது மர்பி டவுனில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தேன். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கம் வைத்திருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். தெருப் பையன்கள் ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கரண்ட் போகலாம், தண்ணீர் நிற்கலாம், டெலிபோன் செத்துப்போகலாம் என்று அடுக்கினேன். என் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கை தூக்கி, "பஸ்ஸு ஓடுமாப்பா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "உத்தரவாதம் கிடையாதுக்கா. அன்னிக்கு வெளியூர் போகாம இருக்கிறது நல்லது" என்று கையை விரித்தேன்.

புத்தாண்டு அன்று வெயில் ஏறிய பிறகு எழுந்து குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. ஃபேன் சுற்றியது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. ஸ்டெல்லா அக்கா வீட்டுவாசலில் பட்டுப்புடவை உடுத்தி உட்கார்ந்திருந்தார். அண்டா, குடம், சோறு வடிக்கிற பானை என்று வீடு முழுக்கத் தண்ணீர். ஆனேக்கலில் இருக்கிற தங்கை மேரியின் குழந்தைக்கு அன்று காலை ஞானஸ்நானமாம். ஸ்டெல்லா அக்காதான் ஞானத்தாயாக நின்று குழந்தையைக் கையில் ஏந்தியிருக்க வேண்டும். பஸ்ஸை நம்பாமல் இருந்துவிட்டார். ஹாரன் சத்தம் கேட்டுப் புடவை கட்டும்போது நேரம் தாண்டிவிட்டது. அங்கே மேரியின் நாத்தனார் ஒருத்தி ஞானத்தாயாக நின்றுவிட்டாள். தங்கை போனில் அழுது தீர்த்துவிட்டாள். இதை எல்லாம் சொன்னாரே தவிர, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் நானும் அக்காவோடு ஆனேக்கல் பஸ் ஏறினேன்.  வீட்டில் மேரி முதலில் முகம் கொடுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, "தப்பு என்மேலதாம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். இவங்க நம்பிட்டாங்க" என்றேன். மேரி அக்காவை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து அக்கா மடியில் போட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், குழந்தையும் அழுதது. அழுகை ஓய்ந்ததும் மேரி என் பக்கம் திரும்பினாள்: "அந்த பஸ்ஸுலதானே வந்தீங்க, அதுல கம்ப்யூட்டரு எங்கப்பா கீது?"

ஸ்டீவ்

பிறகு கடையை விட்டுவிட்டு ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். மத்தியான ஷிஃப்டு. இங்கிலாந்திலிருந்து இன்டர்நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். சண்முகம் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாது என்று எனக்கு ஸ்டீவ் என்று பெயர் வைத்தார்கள். எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது. ஆங்கிலம் தவிர வேறு பாஷையும் கூடாது. எல்லா அழைப்பும் பதிவாகும். எனக்கு அதெல்லாம் பெருமையாகவே இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, வெள்ளைக்காரன் மாதிரி நாக்கை மடித்துப் பழகினேன்.

ஒருநாள் வயதான ஒருவர் கூப்பிட்டார். நடுவில் என் திரை உறைந்து நிற்கவே, என்னை அறியாமல் "ஐயோ" என்றுவிட்டேன்.  உடனே அவர், "தம்பி, தமிழா?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பதிவாகிறதே என்ற பயத்தில், மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் விடவில்லை. "சம்சாரம் போனதுக்கப்புறம் வீட்ல தமிழ் பேச ஆளில்ல தம்பி. பிள்ளைங்களுக்கு வராது" என்றார். நான் அதே வளைந்த நாக்கோடு, என்டரை அழுத்துங்கள் சார் என்றேன். அழுத்தினார். இன்னும் இரண்டு இடத்தில் தமிழில் ஏதோ கேட்டுப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் அடுத்த படியைச் சொன்னேன். கடைசியில் இன்டர்நெட் வந்துவிட்டது.

மறுநாள் சூப்பர்வைசர் அந்தப் பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, வாடிக்கையாளர் எப்படி இழுத்தாலும் நிலை தவறாமல் பேசுவது இப்படித்தான் என்று என்னைப் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. போனை வைப்பதற்குமுன் பெரியவர் கடைசியாகத் தமிழில் சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மற்றவர்களுக்கு அது புரியவில்லை: "நல்லா இருங்க தம்பி, உங்க பேர் ஸ்டீவ் இல்லேன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இத்தனை வருஷத்தில் கம்ப்யூட்டர் கணக்குப் போடவும் படம் காட்டவும் பாட்டுப் பாடவும் கற்றுக்கொண்டுவிட்டது, வெட்கப்படுகிற வேலையை மட்டும் இன்றுவரை என் தலையிலேயே விட்டு வைத்திருக்கிறது.