பதினைந்து நொடிச் சட்டம்

வாஷிங் மெஷினின் அடிமூடியைக் கழற்றுமுன், சோப்புத்தூள் டப்பாவின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைப்பார். பழந்துணி விரிப்பார். அழுக்குத் தண்ணீர் வடியும். அதோடு ஒரு நாணயம், குழந்தையின் காலுறை, இரண்டு ஊக்குகள். எல்லாவற்றையும் கேமராவுக்கு முன் வரிசையாக அடுக்குவார். முகத்தைக் காட்டமாட்டார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான்.

இவர் என் தங்கையின் கணவர். வாஷிங் மெஷின் மெக்கானிக், வயது நாற்பத்தொன்பது. ஆறு ஆண்டுகளில் இணையத்தில் ஏற்றியவை முந்நூற்றுப் பன்னிரண்டு குறுங்காணொளிகள். பக்கத்தின் முகப்பில் தொலைபேசி எண். கம்பெனி வேலையை விட்டபின் வந்த அழைப்புகளில் பத்துக்கு எட்டு, இந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தவை.

ஒவ்வொன்றிலும் ஒரு சினிமாப் பாட்டு ஒலிக்கும். பாட்டில்லாமல் பைப்பைக் காட்டினால் எவன் பார்ப்பான் என்பது அவர் கட்சி. பாட்டுக்கு உரிமையாளர் இருப்பாரே என்றேன். அதற்கென்றே ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"பதினஞ்சு செகண்டுக்கு மேல போனாத்தான் மச்சான் கேஸு. நான் பதினாலுல நறுக்கிடுவேன். கீழ 'உரிமை உரியவருக்கே'ன்னு வேற போட்டுடறேன். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

அப்படியொரு சட்டம் எங்கும் இல்லை. நொடிக்கணக்கும் அனுமதியாகாது, பெயர் போடுவதும் அனுமதியாகாது. அவர் காணொளி ஏற்றும் தளத்தின் விதிகளை அச்சிட்டுக் கொடுத்தேன். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் ஒன்றின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

எங்கள் குடும்பத்துப் பத்திரங்களும் சான்றிதழ்களும் கடிதங்களும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. காணொளிகளின் மூலக் கோப்புகளுக்கும் ஒரு பிரதி கேட்டேன். சிரித்தார். "இதென்ன கல்யாண ஆல்பமா மச்சான்? அழுக்குத்தண்ணி பைப்பு. மேல ஏத்தியாச்சுன்னா கீழ அழிச்சுடணும், இல்லேன்னா போன் திணறுது."

பாட்டுக்காக இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. இரண்டும் நியாயமானவை. மூன்றாவது வந்தால் பக்கம் மூடப்படும் என்றிருந்ததைத் தங்கை உரக்க வாசித்துக் காட்டினாள். அன்றுதான் அவருக்கு உறைத்தது. ஒரு மாதம் உட்கார்ந்து, எல்லாக் காணொளிகளையும் இறக்கி, பாட்டை நீக்கி, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். நல்ல பிள்ளையாகச் செய்த அந்த வேலையில், முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் தேதி புதிதாகிவிட்டது.

மூன்றாவது புகார் பாட்டுக்காக வரவில்லை. எவரோ ஒருவர் முந்தைய ஆண்டே இவருடைய காணொளி ஒன்றை எடுத்து, ஒலியை உருவிவிட்டுத் தம் குரலை ஏற்றித் தம் பக்கத்தில் போட்டிருந்தார். இப்போது தேதியைக் காட்டி, இவர்தான் திருடினார் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மறுப்பதானால் மூலக் கோப்பை ஏழு நாளுக்குள் அனுப்பவேண்டும்.

ஏழு நாளும் கைப்பேசியைத் துழாவினார். கடைசியில் தம் இரண்டு கைகளையும் படமெடுத்து அனுப்பினார். "என் கை என்னோடதுன்னு இதுக்கு மேல எப்படி மச்சான் சொல்றது?" தங்கை சொன்னாள்: "அடுத்தவங்க பாட்டை நறுக்குறப்ப இனிச்சுதுல்ல."

எட்டாம் நாள் பக்கம் இல்லை. அந்த வாரம் வந்த அழைப்புகள் இரண்டு; ஒன்று தவறான எண்.

சென்ற மாதம் எங்கள் மாடிவீட்டு அம்மாவின் மெஷின் நின்றுபோனது. நான்தான் மாப்பிள்ளையை அழைத்துச் சென்றேன். அந்த அம்மா தம் கைப்பேசியை நீட்டினார். "இவர் சொல்ற மாதிரி செஞ்சு பாத்தேன் தம்பி, எனக்கு வரல. நீங்க ஒருதடவை பாத்துக்கிட்டுச் செய்யுங்க. விவரமா சொல்லித் தர்றார்."

திரையில் இருந்தவை என் மாப்பிள்ளையின் கைகள். குரல் புகார் கொடுத்த அந்த மனிதருடையது. நான் வாயெடுக்குமுன் மாப்பிள்ளை என் தோளைத் தொட்டு நிறுத்தினார். கடைசி நொடிவரை பார்த்தார். திரையில் பதிந்திருந்த தம் விரல்தடத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிங்கம்மா. அவர் சொன்னபடியே செஞ்சுடறேன்" என்று சொல்லிக் குனிந்தார்.

இந்தத் தொழிலில் அவருக்கு இருபத்தேழு ஆண்டுகள்.