எல்லாக் கதைக்கும் ஒரே முன்னுரை

டைப்பிங் அக்காவுக்குக் கோபம் வந்தால் ஸ்பேஸ் பாரில் தெரியும். கட்டைவிரல் அதை அறைகிற சத்தம் கடை வாசல் வரைக்கும் கேட்கும். அன்று காலை கடை திறந்ததிலிருந்து அந்தச் சத்தம் ஓயவில்லை.

கல்லூரிக்கு எதிரே வரிசையாக இருக்கும் டைப்பிங் கடைகளில் ஓரத்துக் கடை அவளுடையது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முக்கி முனகி ஓடும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள் நாத்தனார். மாணவர்கள் கிறுக்கிக் கொண்டுவருவதை அடித்துக் கொடுத்தே அக்காவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பட்டம் வாங்கிக் கொடுத்த விரல்களுக்குச் சொந்தமாக ஒரு பட்டம் வேண்டாமா என்று தோன்றி, எதிரே இருந்த அதே கல்லூரியில் தபால் வழியில் சேர்ந்தாள். தேர்வுத் தாள்கள் எல்லாம் முடிந்தன. பாக்கி ஒரே ஒரு கட்டுரை. ஒரு சிறுகதையை ஆராய்ந்து ஐந்து பக்கம் எழுத வேண்டும். அது தேறினால் கல்லூரி அலுவலகத்தில் காலியாக இருக்கும் எழுத்தர் வேலைக்கு மனுப் போடலாம். தேறாவிட்டால் இன்னொரு வருடம் இதே நாற்காலி, இதே ஸ்பேஸ் பார்.

அந்தக் கட்டுரைதான் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. முதல் தடவை "முன்னுரையை மாற்றவும்" என்று எழுதியிருந்தார் விரிவுரையாளர். அக்கா 'கண்ணாடி' என்ற சொல்லை 'விளக்கு' என்று மாற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை சிவப்பு மையில் இருந்தது: "இந்த முன்னுரை சொந்தமாக எழுதியதல்ல. இன்று நான்கு மணிக்குள் புதிதாக எழுதித் தரவும்."

"சொந்தமா எழுதலையாம்" என்றாள் அக்கா. "எழுதினதே நான்தான்."

நாத்தனார் தாளை வாங்கிப் பார்த்தாள். "இலக்கியம் காலத்தின் விளக்கு... அண்ணி, இது நம்ம முன்னுரைதானே? எல்லாருக்கும் போட்டுத் தருவீங்களே."

விஷயம் அதுதான். எப்போதோ ஒரு மாணவி அழாத குறையாக வந்து நின்றாள். "அக்கா, உள்ள எல்லாம் எழுதிட்டேன், ஆரம்பம்தான் வரமாட்டேங்குது, நீங்களே ஏதாவது போட்டுடுங்க." இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று ஆரம்பித்து, மனித வாழ்வின் மேடுபள்ளங்கள் வழியாக இறங்கி, 'அவ்வகையில் இக்கதையும் சிறப்பிடம் பெறுகிறது' என்று முடித்துக் கொடுத்தாள் அக்கா. அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கித் தொலைத்தாள். அதிலிருந்து வருகிற கூட்டமெல்லாம் அதையே கேட்டது. கதையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். கடைசியில் தனக்கென்று எழுத உட்கார்ந்தபோதும் விரல்கள் அவளைக் கேட்காமலே அதை அடித்துவிட்டன.

கையோடு தாளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். விரிவுரையாளர் அவளைவிட இளையவர். மேசை நிறையக் கட்டுரைகள்.

"சார், இத எனக்கு யாரும் எழுதித் தரல. நானே எழுதினது."

அவர் ஒரு கட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தார். ஏழு கட்டுரைகள், ஏழிலும் அதே கண்ணாடி. "இவங்க?"

"இவங்களும் எங்கிட்ட டைப் பண்ணவங்கதான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, உங்களதுன்னே வெச்சுக்குவோம் மேடம். ஏழு கதைக்கும் இது பொருந்துது. அப்போ உங்க கதையப் பத்தி நீங்க என்னதான் சொல்றீங்க?"

"அது உள்ள இருக்கு சார்."

"உள்ள போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியணும். நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

கடைக்கு வந்து வெற்றுத் திரையின் முன் உட்கார்ந்தாள். விரல் தானாக 'இலக்கியம்' என்று ஆரம்பித்தது. அழித்தாள். மறுபடியும் 'இலக்கியம்'. அதற்குள் ஒருவர் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டும் என்றார். இன்னொருத்தி, பக்க எண் மூன்றிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் அண்ணி கதை?" என்றாள் நாத்தனார்.

"ஒருத்தி வீட்டுல இருக்கா. கதவத் தட்டறாங்க, போய்த் திறக்கறா, கொழுந்தன். மறுபடி தட்டறாங்க, திறக்கறா, மாமனார். மூணாவது தடவ தட்டறாங்க. அவ எழுந்திருக்கவே இல்ல. கதை முடிஞ்சுது."

"ஏன் எழுந்திருக்கல?"

"கைடுல 'பெண்ணின் எதிர்ப்புக் குரல்'னு போட்டிருக்கான். நானும் அதத்தான் எழுதியிருக்கேன்."

"எதிர்ப்புதானா?"

"எதிர்ப்பாவது ஒண்ணாவது. அவ பாவம், அப்பதான் உட்கார்ந்தா. கதை முழுக்க நின்னுக்கிட்டே இருக்கா. அடுப்புகிட்ட, குழாய்கிட்ட, கதவுகிட்ட. உட்கார்ந்தான்னு ஒரே ஒரு எடத்துலதான் வருது, அடுத்த வரியில தட்டறாங்க. எவளுக்கு எழுந்திருக்க வரும்? கால் வலிக்குதுடி அவளுக்கு. இதப் போய்ப் புரட்சி, போராட்டம்னு."

"இத எழுத வேண்டியதுதானே?"

"இதெல்லாம் முன்னுரை மாதிரியா இருக்கு?"

"ஆமா, கண்ணாடியும் விளக்கும்தான் ரொம்ப லட்சணமா இருந்துச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இது முன்னுரையே ஆகாது என்று காட்டுவதற்காகவே அடித்தாள்:

"'மூன்றாவது தட்டல்' கதையின் நாயகி கடைசியில் கதவைத் திறக்காததை எதிர்ப்பு என்று சொல்வார்கள். கதை முழுவதும் நின்றுகொண்டே இருப்பவள், அந்தத் தட்டலுக்குச் சற்று முன்புதான் முதன்முறையாக உட்காருகிறாள். அவளை எழவிடாமல் செய்தது கோபம் அல்ல, களைப்பு. அந்தக் களைப்பைப் புரட்சி என்று வாசிப்பது அவள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதே என்று இக்கட்டுரை காட்ட முயல்கிறது."

படித்துப் பார்த்தாள். வேறு வழியில்லை, மணி மூன்றேமுக்கால். பிரிண்ட் எடுத்து மற்ற பக்கங்களோடு பின் அடித்துக்கொண்டு ஓடினாள்.

விரிவுரையாளர் இரண்டு தடவை படித்தார். "இப்பத்தான் ஏதோ சொல்றீங்க" என்று பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர் நிமிர்ந்தார். "மேடம், முதல் பக்கத்துல எதிர்ப்பு இல்லங்கறீங்க. ரெண்டாம் பக்கத்துலேர்ந்து எதிர்ப்பு எதிர்ப்புன்னு போகுது."

"முன்னுரையத்தானே சார் மாத்தச் சொன்னீங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, அவர் சொல்லாமலே எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவர் முதல் பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டார். "முன்னுரைய வாங்கிக்கறேன். மார்க் பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போகுது. அதுக்குள்ள மீதி நாலு பக்கத்தையும் இதுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடுங்க."

"நாலு பக்கத்தையுமா?"

"நாலையும்தான்."

கடையில் ஒரு மாணவி காத்திருந்தாள். "அக்கா, அந்த வழக்கமான முன்னுரை ஒண்ணு."

"எந்தக் கதைக்கு?"

"பேர் மறந்துடுச்சுக்கா, வீட்டுல பாத்துச் சொல்றேன்."

"இனிமே அது கிடையாது. கதையப் படிச்சிட்டு வா."

"பரவாயில்லக்கா, பக்கத்துக் கடையில இருக்காம்" என்று அவள் கிளம்பிப் போனாள்.

"அண்ணி, அது உங்களது" என்றாள் நாத்தனார்.

"நல்லா இருக்கட்டும்" என்ற அக்கா இரண்டாம் பக்கத்தைத் திறந்து மொத்தமாக அழித்தாள். முதல் வரியில் பாதி வந்திருக்கும்.

"அண்ணி, மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு."

அக்கா எழுந்துதான் போனாள். கதையில் வருகிறவளுக்கு ஜெராக்ஸ் மெஷின் இல்லை. சிக்கிய தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஸ்பேஸ் பாரை ஓங்கி அறைந்தாள்.