முன்னால் மட்டும் போகும் கார்

கார் கம்பெனியில் வேலை பார்ப்பவனிடம் கார் வாங்க யோசனை கேட்பது, ஓட்டலில் இலை எடுப்பவரிடம் சாம்பாருக்குப் பக்குவம் கேட்பது மாதிரி. இருந்தாலும் கேட்கிறார்கள். லைனுக்கு வந்த பையன்கள், வேலை நிரந்தரமான கையோடு டீ பிரேக்கில் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, மொதல் கார் வாங்கலாம்னு இருக்கேன், எத வாங்கலாம்?" என்று ஆரம்பிப்பார்கள். நானும் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு மைலேஜ், இன்சூரன்ஸ், புதுசா பழசா என்று எதையாவது சொல்லி அனுப்புவேன். அதெல்லாம் போனைத் தட்டினால் கொட்டுகிற யோசனைகள். எனக்கென்று சொந்தமாக உள்ள யோசனை ஒன்றுதான்: கார் வாங்கப் போகும்போது கார் கம்பெனிக்காரன் எவனையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏன் என்று விளக்க டீ பிரேக் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தை ஒட்டிய ஒரு கார் தொழிற்சாலையில் சீட் மாட்டுகிற வேலை. மண்ணூரில் ரூம் எடுத்து நாலு பேராகத் தங்கியிருந்தோம். நாலு பேரும் தெற்கத்திக்காரர்கள், நாலு பேரும் ஒரே லைன். ஒருவன் பெயிண்ட் சரிபார்ப்பவன், ஒருவன் கதவு மாட்டுபவன், இன்னொருவன் கண்ணாடி ஒட்டுபவன். ரூமில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயிண்ட், கதவு, கண்ணாடி, சீட்டு, அவ்வளவுதான். "ஏல கதவு, சோத்த வடிச்சியா?" என்று கேட்டால் பக்கத்து ரூமில் இருக்கும் ஒடிசாக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் பிகு செய்தேனே தவிர, யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு லைனில் டிரைவர் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டின் இடத்தில் வைக்கப் போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பாங்க் உத்தியோகஸ்தரின் ஜாதகமும் பொருந்தி வந்திருக்கிறது, அவரிடம் கார் இருக்கிறது என்று அம்மாவே அடுத்த போனில் சொன்னாள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா உரக்கடை வைத்திருப்பவர். அவரே ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, பிள்ள மெட்ராஸ்ல ஒரு பரீட்ச எழுத வாரா. நாங்களும் கூட வாரோம். ஞாயித்துக்கிழம வல்லக்கோட்ட கோயில்ல வச்சிப் பாத்துக்கிடுவோம். வீட்டுல வந்து பாத்து ஒத்து வரலன்னா ரெண்டு பக்கமும் சங்கடம். கோயிலுன்னா சாமி கும்பிட்ட மாதிரி போயிரும். தாம்பரத்துல பஸ் ஏறி ஒரகடத்துல எறங்குதோம். நீங்க காரக் கொண்டாந்துருங்க."

"காரா?" என்றேன்.

"கார் கம்பெனியில இருக்கிய, கார் இல்லாமலா? தேனெடுத்தவன் பொறங்கைய நக்காமலா இருப்பான்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மரியாதைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். நான் இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு கார் உறுதியாகிவிட்டது.

வாடகைக் கார் எடுத்தால் மஞ்சள் போர்டு காட்டிக்கொடுத்துவிடும். என்றைக்காவது ஒரு கார் வாங்க வேண்டும் என்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அந்த என்றைக்காவது இந்த வாரமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நாலு பேரும் இருங்காட்டுக்கோட்டை சர்வீஸ் ரோட்டில் இருந்த பழைய கார் புரோக்கரிடம் போனோம். யூனிபார்மோடு போனதுதான் எங்கள் புத்திசாலித்தனம். ஏமாற்ற நினைப்பவன் பயப்படுவான் என்று கணக்குப் போட்டோம். புரோக்கர் எங்கள் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"இன்னா சார், நாலு பேரும் கார் கம்பெனியா? அப்ப நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? உங்களுக்குத் தெரியாததா. வண்டி அங்க கீது, நீங்களே பாத்துக்குங்க," என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீயோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் பார்த்தோம். அப்படி ஒரு பரிசோதனையை அந்த சர்வீஸ் ரோடு கண்டிருக்காது. பெயிண்ட் தலையைச் சாய்த்து வெயிலுக்கு எதிராக ஒவ்வொரு பக்கமும் நோட்டம் விட்டான், உள்ளங்கையால் தடவினான், இடது பின் கதவில் விரல் அகலத்துக்கு மறுபெயிண்ட் அடித்திருப்பதைக் கண்டுபிடித்துக் குற்றவாளியைப் பிடித்தவன் போல நிமிர்ந்தான். கதவு ஒவ்வொரு கதவையும் திறந்து சாத்தி, டாக்டர் மாதிரி காதைக் கொடுத்துக் கேட்டான். கண்ணாடி எல்லாக் கண்ணாடியும் ஒரே வருஷத்தில் செய்ததா என்று மூலையில் பொறித்திருக்கும் குறிகளைப் படித்தான். நான் சீட்டுகளை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, குதித்து உட்கார்ந்து பார்த்தேன். பானெட்டைத் திறக்கவில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. பெயிண்ட் திறந்தான். உள்பக்கம் பெயிண்ட் ஒழுங்காக அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினான்.

ஓட்டியும் பார்த்தேன். வண்டியை ரோட்டைப் பார்த்த மாதிரி நிறுத்தியிருந்தார் புரோக்கர். ஏறி, அந்த வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே மாதிரி ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன். வெண்ணெய் மாதிரி போனது. நாலு பேருக்கும் திருப்தி. அன்றே பணம் கைமாறியது.

எங்கள் லைனில் வண்டி ஒருநாளும் பின்னால் வராது. எங்கள் முன்னால் ஊர்ந்து வந்து, ஊர்ந்து போய்விடும். வருஷக்கணக்காக அதையே பார்த்தவர்களுக்குக் காருக்குப் பின்பக்கமாகவும் போகத் தெரிய வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

மண்ணூரில் வீட்டுக்காரரின் காம்பவுண்டுக்குள் பெருமையாக நேரே ஏற்றி நிறுத்தினேன். மறுநாள் காலை வெளியே எடுக்கப் போனால் ரிவர்ஸ் கியர் விழுகிறது, உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. நாலு பேரும் தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனோம்.

"ரிவர்ஸ் பல்லு பூட்ச்சு சார். கியர் பாக்ஸ இறக்கணும், ஒரு வாரம் ஆவும்," என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழம வேணுமேண்ணே."

"முன்னாடி நல்லாத்தான போவுது? ஞாயித்துக்கிழம முன்னாடியே போய்க்கினு இரு."

புரோக்கரிடம் போய் நின்றோம். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "நாலு பேரு பாத்தீங்களே சார், நான் நடுவுல ஒரு வார்த்த பேசுனனா?" என்று கேட்டார். அவர் பேசவில்லை என்பது உண்மைதான். 

சனிக்கிழமை ரூமில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கதவுக்கும் கண்ணாடிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேலை. பெயிண்ட் மட்டும் லீவு போட்டான். ஒரகடத்தில் ஏற்றுவது, கோயிலுக்குப் போவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது, இத்தனையையும் ஒருமுறைகூடப் பின்னால் போகாமல் முடிப்பது என்பது திட்டம். கோயில் முன்னால் வண்டி நிறுத்தும் மைதானத்தில், நேரே வெளியேறக்கூடிய ஓர் இடத்தை பெயிண்ட் காலையிலேயே போய்ப் பிடித்துவைத்துக்கொள்வான். பார்க்கிங் ஆள் என்று நினைக்கும்படி ஒரு விசிலும் வாங்கிக்கொண்டான். விசில் அவனுடைய சொந்தச் சேர்க்கை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி இறங்கினார்கள். பெண்ணின் அப்பா முன்சீட்டில் ஏறினார். அவள் அம்மாவும் அவளும் பின்னால். நடுக் கண்ணாடியில் அவள் முகம் பாதி தெரிந்தது. எனக்கும் அந்தக் காருக்கும் அன்றைக்குப் பின்பக்கம் என்று இருந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

கோயிலை நெருங்கியதும் அம்மா, "பூக்கட தாண்டிட்டே தம்பி," என்றார். பத்தடி பின்னால் எடுத்தால் போதும். நான் கோயிலையும் ஊரையும் சுற்றிக்கொண்டு வந்து பூக்கடையில் நிறுத்தினேன். பூ வாங்கி, கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், மீதிச் சில்லறை வாங்க மறந்துவிட்டதாக அப்பா சொன்னார். மறுபடியும் ஒரு சுற்று. கடைசியில் பெயிண்ட் விசில் ஊதிக் கையைக் காட்டிய இடத்தைப் பதற்றத்தில் நானே தாண்டிவிட்டேன். மூன்றாவது சுற்று.

பின்சீட்டில் அம்மா நெகிழ்ந்துபோனார். "மூணு சுத்து சுத்திட்டுத்தான் உள்ள போவாக போல. இந்தக் காலத்துப் பிள்ளைகள்ல யாரு இப்பிடி?" என்று மகளிடம் சொன்னார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்தியாகத் தலையாட்டினேன்.

முருகனைக் கும்பிட்டோம். மண்டபத்தில் உட்கார்ந்தோம். பார்த்துக்கொள்ள வந்தது நானும் அவளும். ஆனால் பேசியது நானும் அவள் அப்பாவும். ஷிப்ட் எப்படி, ஓவர்டைம் உண்டா, மண்ணூரில் தண்ணீர் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் குரலைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை. ஊருக்குப் போய் மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் எழுந்தார். அவளிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஓட்டியவனின் பின்மண்டையைத் தவிர அவள் எதைப் பார்த்தாள்?

வெளியே வந்தால், என் காரின் மூக்கை ஒட்டிக் குறுக்கே ஒரு வேன் நின்றது. வேன்காரர் அன்னதான வரிசையில் நிற்பதாக பெயிண்ட் கண்ணாலேயே சொன்னான். எல்லோரும் காரில் ஏறினோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரிவர்ஸ் எடுங்க தம்பி. பின்னால காலியாத்தான கெடக்கு," என்றார் அப்பா.

பெயிண்ட் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தான். "சார், இங்கன ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. கோயில் ரூல்."

"அது எந்த ஊரு ரூலுய்யா?" என்று அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீரு எந்த ஊரு? பேச்சு நம்ம பக்கமால்லா இருக்கு?"

பெயிண்ட் விசிலை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டான். அப்போது பின்கதவு திறந்தது. அவள் இறங்கி முன்னால் வந்து, பானெட்டில் கையை வைத்து என்னைப் பார்த்தாள். அப்பாவும் இறங்கப் போனார். "மூட்டு வலியோட நீங்க எதுக்குப்பா, உக்காருங்க. நாங்க தள்ளிக்கிடுதோம்," என்றாள். நான் கியரை விடுவித்துவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் நின்று குனிந்தேன். மணலில் டயர் லேசில் உருளவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பெற்றோர் இரண்டு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலையை நிமிர்த்தாமல் அவள் கேட்டாள். "ரிவர்ஸ் விழல, அப்பிடித்தான?"

"எப்பிடித் தெரியும்?"

"எங்க கடையில லோடு ஆட்டோ இருக்கு, நான் ஓட்டுவேன். பூக்கடையத் தாண்டுனதுக்கு ஊரையே சுத்துனியளே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. கார் எப்போ வாங்குனிய?"

பொய் சொல்லலாம். சொல்லத் தோன்றவில்லை. "வியாழக்கிழம," என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. முகத்தைப் பானெட்டுக்குக் கீழே கொண்டுபோய்ச் சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா கேட்டாகன்னுதான் வாங்குனியளா?"

"இல்ல," என்றேன். மூச்சு வாங்கியது, தள்ளியதால் மட்டும் அல்ல. "உங்க போட்டோவப் பாத்த பொறவு, கார் இல்லன்னு நீங்க கை விட்டுப் போயிட்டா தாங்காதுன்னு வாங்குனேன்."

அவள் மறுபடியும் குனிந்து பானெட்டைத் தள்ளினாள். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நேரம் காருக்காகப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே இருந்தோம். வேனைத் தாண்டிப் போகும் அளவுக்கு இடம் கிடைத்ததும் அவள் கையைத் தட்டி மணலை உதறினாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"எம்மா, அது அவரு கார். அவரு ஓட்டட்டும்," என்றார் அப்பா.

"எப்பிடியும் இனிமே நாந்தான ஓட்டணும். இப்பவே பழகிக்கிடுதேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள்.

 அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா மகளைப் பார்த்தார், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, பின்கதவைத் திறந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்ன நின்னுக்கிட்டே இருக்கிய மாப்ளே," என்றார். "முன்னாடி ஏறுங்க."