உள்ளங்காலில் ஒரு பொட்டு

தேனியில் காப்பீட்டு அட்டைக்குப் போட்டோ எடுப்பவரின் சட்டைப் பை ஓரமெல்லாம் கறுப்புக் கறை. பேனா கசிந்திருக்கும் என்று நினைத்தேன்.

முன்பு பெற்றோரின் அட்டையே பிள்ளைக்கும் போதும். இப்போது விதி மாறிவிட்டது; கைக்குழந்தையின் முகமும் பதிவாக வேண்டும். பதிவானால்தான் என் மகளின் இதய ஆபரேஷன் அட்டையில் நடக்கும். நானோ அவள் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்துத் தூக்கிப்போயிருந்தேன். கேமரா அவள் முகத்தை ஏற்கவில்லை.

"பொட்டத் தொடச்சிரு, ஆத்தா."

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாக, சார். இப்பப் போயி எப்படித் தொடைக்க?"

படித்தவள் பேசுகிற பேச்சா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் துடைக்கக் கை வரவில்லை.

அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு மை டப்பியை எடுத்தார். மகளின் காலைப் பிடித்து உள்ளங்காலில் பொட்டு வைத்தார்.

"கவர்மெண்டு மூஞ்சியத்தான கேக்குது, காலயா கேக்குது? இங்கன இருக்கட்டும். இப்பக் கன்னத்தத் தொடச்சுக்க."

துடைத்தேன். முகம் பதிவானது. அவர் மை விரலைச் சட்டைப் பையில் துடைத்தபடி அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

அவருக்குத் திருஷ்டியில் நம்பிக்கை உண்டா என்று இன்றுவரை தெரியாது. ஆபரேஷன் முடிந்து, மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். இப்போதும் அவளுக்கு உள்ளங்காலில்தான் பொட்டு வைக்கிறேன்.