ஐந்தாவது பால்

எதிர்வீட்டுக் குழந்தை மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தது. நான்காவது நாள் காலையில் நான் சண்டை போடத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சாதியா இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், "அல்லாவாப் பாத்து அவங்கள அனுப்பிவச்சான்" என்றுதான் ஆரம்பிப்பாள். என்னை அனுப்பியது தூக்கம் கெட்ட எரிச்சல். என் மகன் அர்ஜுனுக்கு அப்போது நான்கு மாதம். அவனை ஒருவழியாகத் தூங்கவைத்தால் எதிர்வீட்டுச் சத்தத்தில் எழுந்துவிடுவான். சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில், இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஆறடி தூரம்கூடக் கிடையாது.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. குழந்தை நெஞ்சில் இருந்தது. அவள் வாயில் துண்டின் ஒரு முனை. பால் கொடுக்கும்போது வலி தாங்காமல் அதைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டு, "வாங்க" என்றாள். உடனே மறுபடி கடித்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் வீண்.

சாதியா காயல்பட்டினத்துப் பெண். அந்த ஊரில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பிள்ளை பெற்றால் அம்மா, சித்தி, பெரியம்மா என்று ஒரு கூட்டமே சுற்றி நிற்கும். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு உம்மா இறந்துவிட்டார். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கணவன் இர்ஃபானோடு சிங்கப்பூர் வந்துவிட்டாள். அந்தச் சாவி அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இர்ஃபான் துவாஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல் ஒன்றில் இன்ஜினியர். மூன்று வாரம் கடல், ஒரு வாரம் வீடு. பிரசவத்துக்கு வந்த மாமியார் விசிட் பாஸ் முடிந்ததும் நாலு டப்பா பத்தியப் பொடியை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அன்று அவளே சொன்னாள். "நேத்து முழுக்க என்கிட்ட பேசுனது மாடி நம்பர் சொல்ற லிஃப்ட் மட்டும்தான் சிஸ்டர். அதுவும் கீழ கிளினிக்குக்குப் போனதால." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தையின் பெயர் அஸ்மத். ஐந்து வாரம். வாயை முழுதாகத் திறக்காமல் காம்பின் நுனியை மட்டும் பற்றிக்கொண்டு கடிப்பாள். சாதியாவுக்கு இரண்டு பக்கமும் வெடித்து ரத்தம் கசிந்தது. அவளுக்கு அத்தனை வலி, அஸ்மத்துக்கோ பால் போதவில்லை. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது ஒரு வாரத்தில் முப்பது கிராம்தான் ஏறியிருந்தது. தாய்ப்பாலுக்குப் பிறகு மேற்கொண்டு பால் கொடுங்கள், அடுத்த வாரம் மறுபடி நிறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எதைக் கொடுப்பது? மாவுப் பால் கொடுத்த மூன்று தடவையும் அஸ்மத் கக்கிவிட்டாள். பாட்டிலை வாயில் வைத்தாலே நாக்கால் தள்ளுவாள். சாதியாவின் சமையலறையில் பாட்டில் மூடிக் காம்புகள் ஏழு வகை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. ஒவ்வொன்றும் இதுதான் அம்மாவின் மார்பு போலவே இருக்கும் என்று சொல்லி விற்றது.

என் வீட்டில் கதை நேர் எதிர். அர்ஜுன் பாட்டிலை மட்டும்தான் குடிப்பான். ஆறாவது வாரத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்தோம். அன்றோடு சரி. நெஞ்சில் வைத்தால் முதுகை வில்லாக வளைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கோ பால் பெருகியது. ஆஃபீஸில் பால் எடுப்பதற்கென்று ஒதுக்கியிருந்த அறையில், பழைய நாற்காலிகளுக்கு நடுவே, பம்ப்பை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். மாட்டுக் கொட்டகை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். வீட்டு ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லை. தேதி எழுதிய பால் பாக்கெட்டுகள் மட்டும்தான். "பால் இருக்கே, அதுக்கே சந்தோஷப்படு லா" என்பார் என் கணவர் பிரேம். பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பியதில் எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆகவே, அன்றே நான் சாதியாவிடம் சொன்னேன். "என் ஃப்ரீசர் ஃபுல்லா பால் இருக்கு. எடுத்துக்கோ."

அவள் ஓரடி பின்னால் போனாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர். உங்க பால இவ குடிச்சா நீங்க இவளுக்குப் பால்குடித் தாய். உங்க பையன் இவளுக்குச் சொந்த அண்ணன் மாதிரி. பெரியவங்களானா ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணக் கூடாது. வயிறு நெறைய அஞ்சு தடவை குடிச்சாப் போதும், அந்த உறவு வந்துரும். பாட்டில்ல குடிச்சாலும் சரி, நெஞ்சுல குடிச்சாலும் சரி."

"நாலு மாசப் பையனுக்கு இப்பவே பொண்ணு பாக்குறியா?" என்றேன். "இல்ல, என் வீட்டுப் பால்னா ஆகாதா?"

"அய்யோ, அப்படி இல்ல. பெரிய விஷயம்னு சொல்றேன். ஒரு தடவை வந்துட்டா அத யாராலயும் அழிக்க முடியாது."

எனக்கு அது காதில் ஏறவில்லை. கொடுக்கப் போன கையைத் தட்டிவிட்டாள் என்றுதான் ஏறியது. வீட்டுக்கு வந்து கதவைச் சற்றுப் பலமாகவே சாத்தினேன். நாலு நாள் எதிர்க்கதவைப் பார்க்கவே இல்லை. அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாவது நாள் காலை எட்டு மணிக்கு அவளே வந்து தட்டினாள். கண் சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. மார்பில் பால் கட்டிச் சீழ் வைத்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறி எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் கடிதம் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் வரை ஆகும். இர்ஃபான் நடுக்கடலில் இருந்தான். இவளுக்கு இந்த ஊரில் தட்ட வேறு ஒரு கதவு இல்லை.

ஒரு கையில் அஸ்மத், இன்னொரு கையில் போன். ஸ்பீக்கரில் ஊரிலிருந்து மாமியாரும், இர்ஃபானின் அண்ணன் அப்துல் முத்தலிப்பும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ள பட்டினி கெடக்க வேணாம். அவங்க பாலையே குடுக்கட்டும்" என்றார் அண்ணன். "ஆனா நாலு தடவையோட நிறுத்திக்கணும். அஞ்சு ஆகக் கூடாது. தெரியாத குடும்பம். நாளைக்கு அவங்க எங்கயோ, நம்ம எங்கயோ. உறவு எதுக்கு?"

நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சாதியா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "உங்க ப்ளட் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா சிஸ்டர்? கர்ப்பமா இருக்கும்போது எடுத்தது" என்றாள். வேலைக்கு ஆள் எடுப்பதுபோல அந்தக் காய்ச்சலிலும் வரிவரியாகப் படித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் பிள்ளைக்கு என்றால் நானும் படித்திருப்பேன்.

ஆஃபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அர்ஜுன் பாட்டிலைப் பார்த்ததும் கை காலை ஆட்டினான். அஸ்மத் பாட்டிலைப் பார்த்ததும் அலறினாள். தேக்கரண்டியால் கொடுத்தேன். பாதி வாயில், பாதி கழுத்தில். ஒரு பாக்கெட் பாலை உள்ளே அனுப்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. பிரேமுக்குப் போன் போட்டேன். "சிராங்கூன் ரோட்ல பாத்திரக் கடைக்குப் போங்க. பாலாடை ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சின்னதா, மூக்கு வச்சிருக்கும்." அவருக்கு ஆஃபீஸ் அதன் பக்கத்தில், ஜாலான் புசாரில். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மூன்று கடை ஏறி இறங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சரித்ததும் அஸ்மத் சப்புக்கொட்டிக் குடித்தாள். ஏழு மூடிக் காம்பு செய்யாததை ஒரு எவர்சில்வர் பாலாடை செய்தது.

சாயங்காலம் ஏழரை மணிக்கு சாதியா கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். குழந்தையைப் பார்க்கும் முன்பு பார்வை குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. காலி பாக்கெட்டுகள் அங்கே கிடந்தன.

"நாலுதானே சிஸ்டர்?"

"நாலுதான். வேணும்னா எண்ணிக்கோ" என்றேன். குரலில் காரம் தெரிந்திருக்கும். ஒருநாள் முழுக்கத் தோளில் போட்டு வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் உண்மையாகவே எண்ணினாள். அதை நான் வெகுநாள் மறக்கவில்லை.

அதன் பிறகு நல்லதே நடந்தது. பால் கொடுக்கச் சொல்லித்தரும் நர்ஸ் ஒருவர் மூன்று தடவை வந்து பார்த்தார். குழந்தை கொட்டாவி விடுவதுபோல வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை மார்பில் படும்படி சேர்த்து அணைக்கச் சொல்லிக் கொடுத்தார். புண் ஆறியது. துண்டு துவைத்துக் கொடிக்குப் போனது. அடுத்தடுத்த வாரங்களில் அஸ்மத்தின் எடை இருநூறு கிராம், இருநூற்றுப் பத்து கிராம் என்று ஏறியது. சாதியா வட்டலப்பம் செய்து தட்டு நிறையக் கொண்டுவந்தாள். நான் கோபத்தை விட்டேன். தினமும் ஆஃபீஸ் விட்டு வந்ததும் அரை மணி நேரம் இரண்டு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். பெரும்பாலும் நான்தான் பேசுவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல.

அப்படி ஒருநாள்தான் சொன்னேன். தெங்காவில் எங்கள் புது வீட்டுக்குச் சாவி வந்துவிட்டது, அடுத்த மாதம் போகிறோம் என்று.

"அது எங்க இருக்கு?"

"இந்தக் கோடிக்கு அந்தக் கோடி. ரயில், பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் ஆகும் லா. ஆனா வருவேன். கண்டிப்பா வருவேன்."

"வாங்க" என்றாள். சொன்ன என்னை அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அதன் பிறகு அவள் தன் கதவை முன்போல அகலத் திறந்து வைக்கவில்லை.

வீடு மாறும் நாள் சனிக்கிழமை. சோஃபா, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் இறங்கிவிட்டன. பிரேம், ஐஸ் பெட்டியில் பால் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு முதல் நடையில் போய்விட்டார். நான் அர்ஜுனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துவிட்டுக் காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சாதியா அஸ்மத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள்.

"ஒரு பாக்கெட் பால் வேணும்."

"உனக்குத்தான் இப்ப நல்லா வருதே?"

"எனக்கு வருது. உங்க பால் வேணும். இன்னும் ஒரு தடவை."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். "நாலோட நிறுத்தணும்னு சொன்னாங்களே. நீ எண்ணிக்கூடப் பாத்தியே."

"அன்னிக்கு அவங்க சொன்னதுக்காக எண்ணுனேன். இன்னிக்கு நானாக் கேக்குறேன். நாலோட நின்னா நீங்க எதிர்வீட்டுல இருந்தவங்க. அவ்வளவுதான். வருவேம்பீங்க, வர மாட்டீங்க. நான் கொற சொல்லல. எல்லாரும் அப்படித்தான்." அஸ்மத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உம்மா மவுத்தானப்ப எனக்குன்னு வாசல்ல நிக்க ஒரு ஆள் இல்ல. இவளுக்கு ஒருத்தன் இருக்கட்டும். எந்தக் கோடில இருந்தாலும் அவன் இவளுக்கு அண்ணன்."

"உன் மாமியார்?"

"நான் சொல்லிக்கிறேன். இவர்கிட்ட நேத்தே பேசிட்டேன். உன் இஷ்டம்னுட்டாரு."

நான் காலியான சமையலறையைக் காட்டினேன். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி. "ஒரு பாக்கெட்கூட இல்ல சாதியா. எல்லாம் பிரேமோட போயிடுச்சு."

அவள் அஸ்மத்தை என் பக்கம் நீட்டினாள்.

எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? மூன்று மாதத்துக்கும் மேலாக என் நெஞ்சில் எந்தக் குழந்தையும் வாய் வைக்கவில்லை. ரப்பரும் மோட்டாரும்தான். சுவரோரம் தரையில் உட்கார்ந்து, நர்ஸ் சொன்னதாக சாதியா சொன்னபடி காத்திருந்தேன். அஸ்மத் முகர்ந்தாள். கொட்டாவிபோல வாயைத் திறந்தாள். பற்றிக்கொண்டாள். விடாமல் இழுத்து, விழுங்கும் சத்தம் கேட்கக் குடித்தாள். அவளுடைய சின்னக் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நான் அழுதேன். அழகாக ஒன்றும் அழவில்லை, மூக்கு ஒழுக அழுதேன்.

சாமான் தூக்குகிறவர்கள் உள்ளே பார்த்துவிடாதபடி சாதியா வாசலை மறைத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் குழந்தையை எடுக்கப் போனேன்.

"இருங்க லாத்தா" என்றாள், திரும்பாமல். அவள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீங்களா எடுக்கக் கூடாது. வயிறு நெறஞ்சு அவளா விடணும். அப்பத்தான் அஞ்சு."

மறுபடி ஹாரன் கேட்டது. தள்ளுவண்டியில் அர்ஜுன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அஸ்மத் விடுவதாக இல்லை. லாரி நிற்கட்டும் என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.