வெந்நீர்த் தொட்டியின் பின்மூலை

மாங்காய்களைப் பெட்டியிலடைத்துக் கப்பலேற்றும் அந்தக் கூடத்தில் அவரை எல்லோரும் 'வெந்நீரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருடம் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவர். பிறகு எட்டு வருடமாக வெந்நீர்த் தொட்டி அவர் பொறுப்பு. பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே பார்த்தால் பேனா முனை பட்டதுபோல ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதை அவர் விரல் தடவியே கண்டுபிடித்துவிடும். விரலுக்குத் தப்பியதைத் தொட்டி பார்த்துக்கொள்ளும். நாற்பத்தெட்டு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மூழ்கியிருந்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோதனைக்கு வந்த பெண் அதிகாரி பதினேழாவது காயை வெட்டினார். உள்ளிருந்து ஒரு வெள்ளைப் புழு நெளிந்து வந்து, உடம்பை வில்லாக வளைத்து, ஒரு சாண் தூரம் எகிறிக் குதித்தது.

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்தார். "மீட்டர் நாப்பத்தெட்டுதான் காட்டுது மேடம். நீங்களே பாருங்க!"

"மீட்டர் காட்டுது, சரி. புழு துள்ளுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

லோடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பிறகு அது சாறு பிழியத்தான் போயிற்று.

வெந்நீரக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. அந்தக் காய் எந்தக் கூடையில் இருந்தது என்று விசாரித்தார். அடி வரிசை, பின்மூலை. நேரே தொட்டிக்குப் போனார். நடுவில் விட்ட கை சுட்டுப் பதறி வெளியே வந்தது. பின்மூலையில் விட்ட கையோ பத்து எண்ணும்வரை நிம்மதியாக உள்ளே இருந்தது.

"மேடம், மீட்டர் நடுவுல இருக்கு. இந்த மூலைக்குச் சூடு வந்து சேரவே இல்ல."

"கையால சொல்றீங்களா?"

"கை சொல்லிருச்சு. நீங்க கருவிய விட்டுக் கேட்டுப் பாருங்க."

ஊசி வெப்பமானியை ஒரு காயின் கொட்டை வரை செருகி அந்த மூலையில் இறக்கினார்கள். ஒரு மணி நேரமாகியும் நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. தண்ணீரைச் சுழற்றும் பம்பைக் கழற்றினால், அந்தப் பக்கத்துக் குழாயில் காம்பும் இலையும் பந்தாக அடைத்துக் கிடந்தன.

அடைப்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது அதிகாரி அவரை உருப்பெருக்கியின் முன்னால் உட்கார வைத்தார். "பாருங்கக்கா."

கண்ணை வைத்தார். ஈ கொத்திய ஒரு காயின் தோலுக்கடியில் மயிரிழை அகலத்தில் ஒரு பாதை. அதன் முடிவில், வாழைப்பழச் சீப்பைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருக்கி வைத்ததுபோலப் பளபளவென்று முட்டைகள். பதினெட்டு வருடமாக இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யம்மாடி," என்றார் மெதுவாக. "இந்த ஈ எவ்ளோ நேர்த்தியா அடுக்கி வச்சிருக்கா!"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீட்டுக்குப் போயும் அந்தப் பேச்சுதான். கணவர் தையல்காரர். அவரிடம் கேட்டார்: "அந்த ஈயோட வால்ல ஒரு ஊசி இருக்காம். துளையே தெரியாம இறக்கிடுதாம். முப்பது வருஷமா மெஷின் ஓட்டுறீங்களே, உங்களால முடியுமா?"

"அதுக்கு நூல் கோக்குற வேலை இல்லல்ல," என்றார் கணவர், விட்டுக்கொடுக்காமல்.

பம்பு சரியானதும், ஈ கொத்திய நாற்பது காய்களைத் தேடிப் பொறுக்கித் தொட்டியின் நான்கு மூலைகளிலும் இறக்கினார்கள். இப்போது மூலைக்கொரு வெப்பமானி. இருபதை உடனே வெட்டினார்கள். ஒரு புழுகூட அசையவில்லை. மீதி இருபதை, ஏதாவது பிழைத்து ஈயாக வெளியே வருகிறதா என்று பார்க்க, வலை போட்ட பெட்டியில் வைத்துப் பத்து நாள் காத்திருந்தார்கள்.

பெட்டியைத் திறந்தபோது ஒரு ஈகூட இல்லை. இருபதும் பொன்னிறமாகப் பழுத்திருந்தன. வாசனை கூடத்தின் மறுகோடி வரை போயிற்று.

வெந்நீரக்காவுக்கு அது விளங்கவே இல்லை. "அதே சூடுதானே மேடம்? புழு செத்துப்போச்சு. இது மட்டும் எப்படிப் பழுக்குது?"

"பழமும் உசிருதான்க்கா. பறிச்சப்புறமும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். இந்தச் சூட்டைத் தாங்கிக்கும். இன்னும் ரெண்டு மூணு டிகிரி ஏறுச்சுன்னா இதுவும் வெந்துரும்."

"அவ்ளோதான் இடைவெளியா?"

"அவ்ளோதான்."

எட்டு வருடமாக இந்த இடைவெளியில்தான் நின்று வேலை பார்த்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பழத்தை இரண்டு கையாலும் எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் சிரித்தார். "என்னக்கா, ஃபோன் பேசுறீங்களா?"

"சத்தம் போடாதீங்க," என்றார் வெந்நீரக்கா. "மூச்சு விடுதாம்."