சித்தியின் மூக்குக்கு வந்த விலை

சாம்பார்ப் பொடி பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டும்போதெல்லாம் என் தலை ஒருமுறை தானாக ஆடிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, லேசாக, மேலும் கீழுமாக. வீட்டில் எல்லோரும் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உண்மையில் அது என் தலையாட்டல் இல்லை, சித்தியுடையது. அந்தப் பாக்கெட்டில் இன்றும் அவள் முகம்தான் இருக்கிறது. மூக்குத்தி அவளுடையது. அந்தச் சிரிப்பு மட்டும் படம் வரைந்தவரின் சொந்தச் சரக்கு.

தொண்ணூறுகளில் நான் தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சித்தி, என் அம்மாவின் தங்கை, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தாள். சித்தப்பா தொடங்கிய பொடிக் கம்பெனியை அவர் போன பிறகு அவள்தான் மந்தைவெளியில் ஒரு வாடகை ஷெட்டில் நடத்தி வந்தாள். பாக்கெட் போடும் மிஷினுக்காகச் சித்தப்பா வீட்டை வங்கியில் அடமானம் வைத்துவிட்டுப் போயிருந்தார். விற்கிற பொருளில் எச்சில் படக்கூடாது என்பது சித்தியின் ஆசாரம். அதனால் எதையும் வாயில் போட்டுப் பார்க்க மாட்டாள். வாணலிமேல் குனிந்து முகர்வாள், கண்ணை மூடுவாள், தலையாட்டுவாள். அப்புறம்தான் வறுத்தது அரைக்கப் போகும். இந்தத் தலையாட்டலுக்காகவே அவளால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. நாக்பூரில் இருந்த ஒரே பெண்ணின் பிரசவத்துக்குக்கூட அவள் போகவில்லை. "ஒரு நாளாவது மொளகா நெடி இல்லாம முழிச்சுக்கணும்டா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

எனவே, பம்பாய்க் கம்பெனி ஒன்று விலைக்குக் கேட்டு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விற்றுவிட்டு, வீட்டை மீட்டுவிட்டு, நாக்பூருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று இருந்தாள். வந்த அதிகாரிக்குக் கேசரியும் காபியும் கொடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மயிலாப்பூரில் விருந்தாளிக்குக் காபி கொடுத்தால் கூடவே கொஞ்சம் பெருமையும் பரிமாறியாக வேண்டுமே! "என் மூக்கு சரின்னு சொல்லாம ஒரு பாக்கெட்கூட வெளியில போகாது" என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ மேடம், உங்க மூக்குதான் கம்பெனி" என்றார். எல்லோரும் சிரித்தோம். சித்திக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அவர்கள் அனுப்பிய விலையைப் பார்த்து அவள் மலைத்துப்போனாள். விளக்கிச் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. "இது கம்பெனி முழுசுக்குமான விலை, சித்தி. இந்த ஆத்தை ஒருத்தன் வாங்கறான்னு வெச்சுக்கோ. அவன் சொல்றது ஆத்தோட விலை. அதுலேர்ந்து பேங்க் கடனைக் கழிக்கணும். கையிருப்பு இருந்தா கூட்டிக்கணும். அப்புறம் நிக்கறதுதான் உனக்கு."

"கையிருப்புதான் பீரோல இருக்கே?"

"அது நம்ம பொடியை எடுத்து விக்கற ஸ்டாக்கிஸ்டெல்லாம் கட்டின டெபாசிட். திருப்பித் தரணும். அதுவும் கடன்தான்."

சட்டென்று புரிந்துகொண்டாள். "சரி, மிஷினோ பழசு. ஷெட்டோ வாடகை. பின்னே எதுக்குடா இவ்வளவு விலை?" என்று கேட்டாள். மூக்குக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நிபந்தனையைப் படித்துக் காட்டினேன். இப்போது தருவது கடனுக்கும் டெபாசிட்டுக்கும் சரியாகப் போய்விடும். அவளுக்கென்று நிற்கும் மீதிப் பணம் ஐந்து வருஷம் கழித்துத்தான் வரும். அதுவரை தினமும் அவள் முகர்ந்து சரி சொல்ல வேண்டும். அவள் வரமாட்டாள் என்றால் மிஷினுக்கு மட்டும்தான் விலை. அதை வைத்து வீட்டை மீட்க முடியாது. "நன்னா காபி கொடுத்து நானே என்னை வித்துண்டுட்டேனா?" என்றாள் சித்தி. மறுநாள் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அந்த அதிகாரிமேல் ஆத்திரமாக வந்தது. கணக்கில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதால் அது இன்னும் அதிகமானது.

கிண்டியில் புதுத் தொழிற்சாலை வந்தது. காலையில் வாசலில் கார் வந்து நிற்கும். முன்பாவது உடம்பு முடியாத நாளில் ஷெட்டைப் பூட்டிவிடலாம். இப்போது அதுவும் போயிற்று. இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் அவளுக்குக் கடுமையான ஜுரம் வந்தது. ஜுரம் விட்டது, வாசனை திரும்பி வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்துக்கொண்டு என் எதிரில் அழுதாள். "வெளியில சொல்லிடாதேடா. மீதிப் பணம் வராது" என்றாள். மறுநாளும் கார் ஏறினாள்.

ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். வாணலிமேல் குனிந்தவள் நிமிரவே இல்லை. "இன்னாமா, ஜல்பு புட்ச்சிகினு கீதா?" என்று வறுப்பவர் கரண்டியை நிறுத்தினார். சித்தி கண்ணை மூடினாள், தலையாட்டினாள். அவர் திருப்தியாக வாணலியை இறக்கினார். அவருடைய கைப்பக்குவத்தில் பொடி எப்போதும்போலவே இருந்தது, விற்பனையும் ஏறியது. விலையில் பெரும்பங்கு வாங்கிய மூக்குக்கு அங்கே வேலையே இல்லை என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லவும் வழியில்லை, விட்டுவரவும் வழியில்லை. மீதி வருஷங்களை இப்படியே கழித்தாள்.

பணம் வந்தது. நாக்பூருக்கும் போய்ச் சேர்ந்தாள். போன வருஷம் அவளைப் பார்க்கப் போனபோது அவள் மகள் கேட்டிருந்த பொடியை வாங்கிப்போயிருந்தேன். சமையலறையில் பாக்கெட்டை வெட்டினேன். நெடி குப்பென்று எழுந்து எனக்குத் தும்மல் வந்தது. பக்கத்தில் நின்ற சித்தி கண்ணை மூடினாள், தலையாட்டினாள்.

"என்ன சித்தி, வாசனை தெரியறதா?" என்றேன் ஆவலாக.

"இல்லேடா" என்றாள். பிறகு பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் கேக்கலையே?" என்றாள்.